யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் காட்ட எந்த ஆங்கிலம் வேண்டும்?

கேட்டவர் ஓர் ஓட்டோக்காரத் தம்பி. ஓ.எல். (பதினோராம் வகுப்புப் பரீட்சை) வரை படித்தவர், யாழ்ப்பாண ரயில் நிலையத்தடியில் ஓட்டோ விடுகிறார். யாழ்தேவியில் வந்திறங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கோட்டை, நூலகம், நல்லூர் எல்லாம் காட்டச் சொல்லி ஏறுகிறார்கள். இவரும் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார், அதற்கு மேல் வாய் எழும்பவில்லை. வழிகாட்டிகளுக்கு வேண்டிய ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் என்று ஒரு பட்டியல் கிடைத்ததாம். இரண்டு கிழமையாக இரவில் இருந்து பாடமாக்குகிறார். "நூறு சொல் பாடம் வந்துவிட்டது அண்ணை, ஆனால் கோட்டை வாசலில் போய் நின்றால் ஒன்றும் வருகுதில்லை. ஆயிரமும் முடித்தால் சரியாகுமா?" என்பது கேள்வி.

ஆகாது தம்பி. அந்தப் பட்டியலை நான் பார்க்கவில்லை, ஆனால் அதில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம்: வானளாவிய கட்டடம், நிலக்கீழ் ரயில், ஓவியக் கூடம், நீரூற்றுச் சதுக்கம். வேறேதோ ஊரை நினைத்து எழுதியது. யாழ்ப்பாணத்தில் நீங்கள் கைநீட்டிக் காட்டப்போவது அகழி, முருகைக்கல், தேர்முட்டி, பனங்கிழங்கு, கிடுகு வேலி. இவற்றில் ஒன்றுகூட அதில் இராது.

நான் 9 வருடம் ரியூற்றறியில் ஆங்கிலம் படிப்பித்தேன். அதன்பிறகு இந்த 12 வருடமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊர் காட்டுகிறேன். படிப்பித்த ஆங்கிலத்தில் பாதி ஊர் காட்ட உதவவில்லை என்பது முதல் மாதத்திலேயே விளங்கிவிட்டது. பழைய மாணவர்கள் எவரும் பக்கத்தில் நிற்காதது என் நல்லகாலம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு கொப்பியில் உங்கள் ஓட்டோ நிற்கும் இடங்களைப் போகிற வரிசையில் எழுதுங்கள். ஒவ்வோர் இடத்திலும் உங்கள் கை எதை எதைக் காட்டுகிறதோ அதற்கு மட்டும் சொல் தேடுங்கள். கை காட்டாத பொருளுக்குச் சொல் தேவையில்லை. அந்தச் சொல்லையும் வீட்டில் இருந்து பாடமாக்க வேண்டாம். அந்த இடத்தில் நின்று, அந்தப் பொருளைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். கோட்டை வாசலில் உங்களுக்குச் சொல் வராததற்குக் காரணம், அதை நீங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்ததுதான்.

கோட்டையில் இருந்து தொடங்குவோம். வாசலுக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் தெரியும் அகழி "மோட்". முன்னால் நிற்கும் மதிலை "வோல்" என்றாலும் பிழையில்லை, கோட்டை மதிலுக்கென்றே உள்ள சொல் "ராம்பாட்". மூலைகளில் முன்தள்ளி நிற்கும் கொத்தளம் "பாஸ்டியன்". மதிலில் கையை வைத்தால் ஓட்டை ஓட்டையாகத் தட்டுப்படும் முருகைக்கல் "கொரல் ஸ்டோன்". மேலே ஏறினால் தெரியும் கடல்நீரேரி "லகூன்", அதில் அழுத்தம் பின்பாதியில் விழ வேண்டும். உள்ளே இடிந்து கிடப்பவை எல்லாம் "ரூயின்ஸ்". கோட்டைக்கு இந்த ஆறு சொல்லே தாராளம்.

ஆனால் கோட்டைக்கே உள்ள சொல்லில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம்மில் பலருக்கு "ஃபோர்ட்" என்பது "போர்ட்" என்றுதான் வரும். போர்ட் என்றால் துறைமுகம். வேறு ஊரில் என்றால் கேட்பவர் தானே திருத்தி விளங்கிக்கொள்வார். இங்கே கோட்டை கடல்நீரேரிக் கரையிலேயே இருக்கிறது, சுற்றிவர மீன்பிடி வள்ளங்கள் வேறு. நீங்கள் "ஓல்ட் போர்ட்" என்று சொன்னால் அவர் பழைய துறைமுகம் என்றே நம்பி, கப்பல் எங்கே கட்டினார்கள் என்று கேட்பார். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கீழுதட்டை மேற்பல்லால் மெல்லத் தொட்டுக்கொண்டு காற்றை ஊதுங்கள், அதுதான் ஃப. உதடு இரண்டும் ஒட்டினால் அது ப. ஓட்டோக் கண்ணாடியில் வாயைப் பார்த்துக்கொண்டு "ஃபோர்ட், ஃபெரி, ஃபிஷ், ஃபெஸ்டிவல்" என்று பத்துத் தரம் சொல்லுங்கள். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவானில் ஏறுவதும் ஃபெரிதான், ஆக இந்த ஒரு எழுத்தைத் திருத்தினால் பாதி ஊர் திருந்திவிடும்.

பெயர்ச்சொல்லை விட முக்கியம் வினைச்சொல். இதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. ஒரு பழைய கட்டடத்துக்கு நடக்கக்கூடியது என்ன? கட்டுவார்கள், பிடிப்பார்கள், ஒப்படைப்பார்கள், இடிப்பார்கள், திரும்பக் கட்டுவார்கள், பழையபடி சீர் செய்வார்கள். ஆங்கிலத்தில் "பில்ட், கேப்சர், சரெண்டர், டிஸ்ட்ரோய், ரீபில்ட், ரெஸ்டோர்". இவற்றின் இறந்தகால வடிவம் சரளமாக வந்தால் யாழ்ப்பாணக் கோட்டையின் 400 வருடத்தையும் சொல்லி முடித்துவிடலாம். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தர் 1658இல் அதைப் பிடித்து, ஐந்து பக்கக் கோட்டையாகத் திருத்திக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். உள்ளே 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயம் போரில் இடிந்தது. போர் முடிந்த பிறகு மதில்களைச் சீர் செய்தார்கள். ஒவ்வொரு வசனத்திலும் ஒரு வினை, ஓர் ஆண்டு, ஓர் ஆள். அவ்வளவுதான்.

ஐங்கோணத்துக்கு ஆங்கிலத்தில் "பெண்டகன்" என்று சொல் இருக்கிறது. நான் சொல்வதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு நினைவுக்கு வந்து ஆட்கள் பகிடிவிடத் தொடங்குவார்கள். "இட் ஹஸ் ஃபைவ் சைட்ஸ்" என்றால் வேலை முடிந்தது. கொத்தளங்களுக்கு நெதர்லாந்து மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்தவர் நெதர்லாந்துக்காரர் என்றால் ஹொலண்ட், சீலண்ட் என்று கேட்டதும் முகம் மலரும், மிச்சப் பெயர்களை அவரே உங்களுக்குச் சொல்லித் தருவார்.

ஆண்டு வாசிக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1658ஐ "வன் தவுசண்ட் சிக்ஸ் ஹண்ட்ரட்" என்று இழுக்க வேண்டாம். இரண்டாக வெட்டுங்கள்: "சிக்ஸ்டீன் ஃபிஃப்டி எய்ட்". 1706 "செவன்டீன் ஓ சிக்ஸ்". நூற்றாண்டு சொல்லும்போது ஒன்று கூடும்: 1619 பதினேழாம் நூற்றாண்டு, "செவன்டீன்த் செஞ்சரி". இதில் நான் கனகாலம் தடுமாறினேன். இப்போதும் அவசரத்தில் ஆண்டைத்தான் சொல்வேன், நூற்றாண்டுப் பக்கம் போவதில்லை.

அடுத்தது நூலகம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

இந்த வெள்ளைக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்கள் எரிந்தன, ஓலைச்சுவடிகளும் அதில் அடக்கம். இதை ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது நம்மவர்கள் பலர் "த லைப்ரரி பேர்ன்ட் டவுன்" என்கிறார்கள். இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் கேட்பவருக்கு அதன் பொருள் நூலகம் எரிந்துபோனது என்பதுதான். மின்னொழுக்கோ, யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட்டோ என்று நினைத்துக்கொண்டு "ஓ, வட் எ பிட்டி" என்பார். "த லைப்ரரி வோஸ் பேர்ன்ட் டவுன்" என்று நடுவில் ஒரு "வோஸ்" போடுங்கள். இப்போது அது எரிக்கப்பட்டது. இன்னும் தெளிவாக வேண்டுமா, "இட் வோஸ் செட் ஒன் ஃபயர்". தீ வைக்கப்பட்டது, அதாவது ஓர் ஆள் வைத்தான். தமிழில் எரிந்தது என்பதற்கும் எரித்தார்கள் என்பதற்கும் இடையில் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதே தூரம் இந்தச் சின்னச் சொல்லில் இருக்கிறது.

"செட் ஒன் ஃபயர்" என்று சொன்ன மறு கணம் "பை ஹூம்" என்ற கேள்வி வரும். யாரால் என்று. அதற்கும் ஆயத்தமாக இருங்கள். பொலிஸாரும் ஒரு கும்பலும் செய்த வேலை என்பது பல தரப்பும் பதிந்து வைத்த விடயம். பொலிஸ் என்ற சொல் தெரியும், கும்பலுக்கு "மொப்". குரலை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். ஆண்டையும் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள், கட்டடத்தைப் பார்க்கட்டும். ஓலைச்சுவடியைச் சொல்லும்போது "ஓல்ட் லீவ்ஸ்" என்று சொல்லிவிடாதீர்கள், காய்ந்த சருகு என்று விளங்கும். "பாம் லீஃப் மேனுஸ்க்ரிப்ட்ஸ்" என்று முழுதாகச் சொல்லுங்கள். "பாம்" என்பதில் எல் எழுத்து இருக்கிறது, ஆனால் வாயில் வராது.

பிறகு கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். போர்க் காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், உங்கள் வீட்டில் யாருக்கும் ஏதும் நடந்ததா என்று கேட்பார்கள். பெரும்பாலும் அக்கறையில் கேட்பதுதான். சொல்ல விருப்பம் என்றால் இரண்டு சொல் தெரிந்திருக்க வேண்டும். இடம்பெயர்ந்தோம் என்பதற்கு "வீ வேர் டிஸ்ப்ளேஸ்ட்". 1995இல் வலிகாமத்தில் இருந்து சனம் எல்லாம் தென்மராட்சிக்கு நடந்ததைச் சொல்ல இதுதான் சொல். "ரெஃபியூஜி" என்றால் நாட்டின் எல்லையைத் தாண்டிப் போனவர் என்று எடுத்துக்கொள்வார்கள். எறிகணை வீச்சுக்கு "ஷெலிங்". நாங்களும் ஷெல் என்றுதானே சொல்கிறோம், அது அப்படியே போகும். சொல்ல விருப்பம் இல்லை என்றால் அதற்கும் ஒரு வசனம் கைவசம் வேண்டும்: "ஐட் ராதர் நொட் டோக் எபவுட் தட்". மரியாதையான வசனம். யாரும் கோபிக்கமாட்டார்கள். நான் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்வேன், மற்றவர்களுக்கு இந்த வசனம்தான்.

இனி நல்லூர்ப் பக்கம். இங்கேதான் எனக்கு முதல் வருடம் மானம் போனது. மந்திரிமனை என்ற பழைய கட்டடத்தைக் காட்டிவிட்டு யமுனா ஏரிக்குக் கூட்டிப்போக வேண்டும். நல்ல உற்சாகத்தில், "பிஹைண்ட் தட் ரோட் தேர் இஸ் அன் ஓல்ட் டாங்க்" என்று சொன்னேன். வந்த மனிசன் நின்றுவிட்டார். கமராவின் மூடியைக் கழற்றிக்கொண்டு, மெல்லிய குரலில், "ஃப்ரொம் த வோர்?" என்று கேட்டார். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது: நான் குளத்தைச் சொன்னேன், அவர் யுத்த டாங்கியை நினைத்தார். பாவம், பாசி பிடித்த படிக்கட்டுக் கேணியைப் பார்த்து அவருக்கு எவ்வளவு ஏமாற்றம்.

இலங்கையில் நாங்கள் படித்த ஆங்கிலத்தில் குளம் என்றால் டாங்க். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து அரசாங்கப் புத்தகங்களில் இருந்து வந்த பழக்கம், நமக்குள் பிழையில்லை. வெளியார் காதில் அது தண்ணீர்த் தாங்கி, இல்லையென்றால் போர் வண்டி. "போண்ட்" என்று சொல்லுங்கள், பெரியதென்றால் "ரிசர்வோயர்". இப்படி நமக்குப் பழகிய, அவர்களுக்கு வேறாக விழும் சொற்கள் இன்னும் இருக்கின்றன. புதுச் சொல் படிப்பதை விட இவற்றைக் களைவதுதான் பெரிய வேலை என்பது என் எண்ணம்.

தேரை நாங்கள் "கார்" என்போம், தேர்த் திருவிழா "கார் ஃபெஸ்டிவல்". அவர்கள் பழைய மோட்டார்க் கார்களின் அணிவகுப்பு என்று நினைப்பார்கள். "சாரியட்" என்றால் சரி. சாப்பாட்டுக் கடையை "ஹொட்டேல்" என்று சொல்லிக் கொண்டுபோய் இறக்கினால், எங்களுக்கு அறை ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். சந்தி மூலைப் பெட்டிக்கடை நம் ஆங்கிலத்தில் "பூட்டிக்", அவர்களுக்கு அது விலைகூடிய உடுப்புக்கடை. கட்டடத்தின் பின்பக்கத்தை "பேக்சைட்" என்று சொல்லாதீர்கள், அது ஆளின் பின்பக்கம். "பிஹைண்ட் த லைப்ரரி" என்றால் போதும். லட்சம் என்பது தெற்காசியாவுக்கு வெளியே செல்லாத காசு: ஒரு லட்சம் "ஹண்ட்ரட் தவுசண்ட்", ஒரு கோடி "டென் மில்லியன்". இதைச் சொல்லிக் கொடுத்த பிறகும் என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி போன மாதமும் லட்சம் என்றே சொன்னான். வாய்ப்பழக்கம் லேசில் போகாது.

கோயிலுக்குள் வேறு ஒரு சிக்கல். கோபுரம், திருநீறு, அர்ச்சனை, தீர்த்தம், காவடி இவற்றுக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் இல்லை. இல்லாத சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டிக் காலத்தை வீணாக்க வேண்டாம். தமிழ்ச் சொல்லை அப்படியே சொல்லுங்கள், அதற்கு ஒரு சின்ன வால் கட்டுங்கள். "கோபுரம், த டவர் ஓவர் த கேட்." "திருநீறு, சேக்ரட் ஏஷ்." "அர்ச்சனை, எ ப்ரேயர் த ப்ரீஸ்ட் செய்ஸ் இன் யுவர் நேம்." வால் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் நீளக்கூடாது. ஊர் பார்க்க வருகிறவர் நம் சொல்லையும் கேட்கத்தான் வருகிறார். ஜப்பானுக்குப் போனால் சுஷி என்றுதானே சொல்கிறார்கள், அதற்கு யாரும் ஆங்கிலப் பெயர் கேட்பதில்லை. இந்த முறையில் உங்களுக்குச் சொல்லும் பாதியாகக் குறையும், அவர்களும் நாலு தமிழ்ச் சொல்லோடு வீடு போவார்கள்.

மூலஸ்தானத்தில் இருப்பதை "ஐடல்" என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். அந்தச் சொல்லில், வெறும் பொம்மையைக் கும்பிடுகிறார்கள் என்ற பழைய கேலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. "டீட்டி" என்றால் அந்தத் தெய்வம். வேல்தான் நல்லூரில் மூலமூர்த்தி, ஆகவே "முருகன்ஸ் ஸ்பியர்" என்று சொல்லலாம், வெற்றிலை போல முனை உள்ள ஈட்டி என்று கையால் காட்டலாம். இப்போதைய கோயில் 1734இல் ஒல்லாந்தர் காலத்தில் எழும்பியது, முந்தியதை 1621இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். மேலே கோட்டைக்குச் சொன்ன அதே வினைகள் இங்கேயும் செல்லும், கவனித்தீர்களா? திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம்.

கோயிலுக்குள் போகும் ஆண்களைச் சேட்டு (சட்டை) கழற்றச் சொல்வது ஒரு கலை. "ரிமூவ் யுவர் ஷேர்ட்" என்று முகத்துக்கு நேரே சொன்னால் பொலிஸ் சோதனைபோல இருக்கும். "மென் ஆர் ஆஸ்க்ட் டு டேக் ஓஃப் தெயர் ஷேர்ட்ஸ்" என்று சொல்லுங்கள்: ஆண்கள் கழற்றுவது இங்கே வழக்கம் என்ற பொருளில், யாரையும் சுட்டாமல். சொல்லிக்கொண்டே உங்கள் சேட்டுத் தெறியில் கையை வையுங்கள். அவரும் கழற்றுவார். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதற்கு "ஐம் அஃப்ரெய்ட்" என்று தொடங்க வேண்டும். இது பயம் இல்லை, மன்னிக்க வேணும் என்பதற்குச் சமன். "ஐம் அஃப்ரெய்ட் ஃபோட்டோஸ் ஆர் நொட் அலவுட் இன்சைட்." ஒருவருக்குக் கசப்பான எதைச் சொல்லவும் இந்த இரண்டு சொல்லை முன்னால் போடலாம்: மழை வரப்போகிறது, ஃபெரி போய்விட்டது, கூழ் முடிந்துவிட்டது.

கூழ் என்றதும் சந்தைக்குப் போவோம். யாழ்ப்பாணச் சந்தையில் பனைப் பொருள் விற்கும் பக்கத்துக்குப் போனால் வெளிநாட்டுக்காரர் ஒரு மணித்தியாலம் நிற்பார், நீங்கள் வாயடைத்து நிற்கக்கூடாது. இங்கே திறப்பு ஒரே ஒரு சொல்: "சாப்". மரத்தில் இருந்து வடியும் சாறு. அது தெரிந்தால் கருப்பணி "ஸ்வீட் சாப்", புளித்தால் "ஃபெர்மெண்டட் சாப்", அதுதான் கள்ளு, ஆங்கிலத்திலும் "டொடி" என்பார்கள். காய்ச்சி இறுக்கினால் பனங்கட்டி, "ஜாகரி". சீவுகிறவர் "டொடி டாப்பர்". கிழங்கை "ரூட்" என்று சொல்வது வழக்கம், ஆனால் அது வேர் இல்லை. பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து, முளைவிட்டு இறங்கியதைத்தான் கிண்டி எடுக்கிறோம். "ஸ்ப்ரவுட்" என்றால் பொருந்தும். கிழங்கைக் காயவைத்தால் ஒடியல், ஒடியலை மாவாக்கிக் கூழில் கரைக்கிறோம். "கூழ், எ சீஃபூட் ப்ரோத், திக்கண்ட் வித் பல்மைரா ஃப்ளவர்." மரத்தின் பெயரை பல்மைரா என்று நடுவில் அழுத்திச் சொல்லுங்கள். மாவும் பூவும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி என்பதால், ஒருமுறை ஒரு பெண்மணி பனம்பூப் போட்ட சூப் என்று நினைத்துக் குடித்தார். நான் திருத்தவில்லை. ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

உறைப்புக்கு "ஸ்பைசி", சூட்டுக்கு "ஹொட்". "ஹொட்" இரண்டுக்கும் வரும் என்பதால் கலங்கும், பிரித்தே சொல்லுங்கள். நண்டு, இறால் ஒவ்வாதவர்கள் உண்டு, கூழ் வாங்கிக் கொடுக்கும் முன் "ஆர் யூ அலர்ஜிக் டு ஷெல்ஃபிஷ்" என்று கட்டாயம் கேளுங்கள். இந்த ஒரு வசனத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லப் பழகியிருக்க வேண்டும்.

நகரத்துக்கு வெளியே கூட்டிப்போனால் புராணக் கதைகள் வரும். நிலாவரையில் இராமர் தாகத்துக்கு அம்பு ஊன்றினார் என்பதையும், கீரிமலையில் கீரிமுக முனிவருக்கு முகம் மாறியதையும் சொல்லும்போது "லெஜண்ட் ஹஸ் இட்" என்று தொடங்குங்கள். ஐதிகப்படி என்று பொருள். இது போட்டால் நம்புகிறவருக்கும் சரி, நம்பாதவருக்கும் சரி. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பது ஐதிகம் இல்லை, அதை "ஃப்ரெஷ் வோட்டர், சோல்ட் வோட்டர்" என்று நேரே சொல்லலாம், சுண்ணாம்புக் கல்லுக்கு "லைம்ஸ்டோன்". கீரிக்கு "மொங்கூஸ்". நெடுந்தீவுக் குதிரைகளை "வைல்ட் ஹோர்சஸ்" என்றே எல்லோரும் சொல்கிறார்கள். வளர்த்துக் கைவிட்ட விலங்கின் வழிவந்தவை என்பதால் "ஃபெரல்" என்பது திருத்தமான சொல், விருப்பமென்றால் பாவியுங்கள்.

இடையில் தேவைப்படும் சில்லறை வசனங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "ஒன் யுவர் லெஃப்ட்", உங்கள் இடப்பக்கம். ஆட்கள் உங்களைப் பார்த்து நின்றால் உங்கள் இடம் அவர்களுக்கு வலம், கவனம். "மைண்ட் யுவர் ஸ்டெப்", படி கவனம். "டேக் யுவர் டைம்", ஆறுதலாகப் பாருங்கள். "லெட்ஸ் மீட் ஹியர் இன் ட்வென்டி மினிட்ஸ்". கழிப்பறை எங்கே என்பது எப்படியும் வரும், கேட்கும் முன்பே காட்டிவிடுங்கள். பதில் தெரியாத கேள்விக்குக் கதை கட்ட வேண்டாம், "ஐம் நொட் ஷூர், ஐல் ஃபைண்ட் அவுட்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே தேடிப் பாருங்கள். என் அறிவில் பாதி அப்படி வந்ததுதான்.

இன்னொரு விடயம். ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலேயர் அல்லர். ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர், இத்தாலிக்காரர். அவர்களுக்கும் ஆங்கிலம் படித்து வந்த மொழிதான், ஆகவே வெட்கப்பட ஒன்றும் இல்லை. குறுக்கிச் சொல்லும் சின்ன வசனமே அவர்களுக்கும் விளங்கும். "மெக்னிஃபிசெண்ட்", "பிரெத்டேக்கிங்" போன்ற விளம்பரச் சொற்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வடிவாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவர் சொல்லட்டும், நீங்கள் எப்போது, யார், ஏன் என்று சொல்லுங்கள். கனடாவிலும் லண்டனிலும் பிறந்த எங்கட பிள்ளைகளும் ஏறுவார்கள். அவர்களோடு முழு ஆங்கிலம் கதைக்கத் தேவையில்லை. அம்மம்மா வீட்டுத் தமிழ் அவர்களுக்கு விளங்கும், பேசத்தான் கூச்சம். தமிழில் தொடங்கி, ஆண்டும் வரலாறும் வரும் இடத்தில் ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

பழகும் முறைக்கு வருவோம். ஒரு கிழமைக்கு ஓர் இடம். முதற் கிழமை கோட்டை மட்டும். காலையில் ரயில் வருமுன் போய் நின்று, இருக்கிற ஆளுக்குச் சொல்வதுபோல வெறும் பின்சீற்றுக்குச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் பதிந்து அன்றிரவு கேளுங்கள். உங்கள் குரலை நீங்களே கேட்க முதலில் அருவருப்பாக இருக்கும், மூன்றாம் நாள் பிழை தெரியத் தொடங்கும். அடுத்த கிழமை நூலகம், பிறகு மணிக்கூட்டுக் கோபுரமும் சந்தையும், பிறகு நல்லூர். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு ஒரே வசனம்தான் வேண்டும்: 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாகக் கட்டியது, "இன் ஒனர் ஒஃப் த பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்". ஒரு மாதத்தில் நாலு இடம் கையில் இருக்கும். எண்ணிப் பார்த்தால் 150 சொல் வராது. பிறகு ஒவ்வொரு பயணத்திலும் உங்களுக்குத் தடக்கிய சொல் எது என்று இரவில் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். என்னுடைய கொப்பியில் டாங்க் முதற் பக்கத்தில் இருக்கிறது.

ஆட்களை ஏற்றி இறக்குவதற்கு மட்டும் என்றால் வழிகாட்டி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. வழிகாட்டி என்று சொல்லிக் காசு வாங்குவதாக இருந்தால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். குறிப்பிட்ட பிரதேசத்துக்கு மட்டும் வழிகாட்டியாக இருக்கவும் அதில் ஒரு வகை உண்டு, உங்களுக்கு அதுதான் பொருத்தம். இந்த நாலு இடத்தையும் தடக்காமல் சொல்லப் பழகிவிட்டு விண்ணப்பியுங்கள்.

கடைசியாகக் காசு. "ஃபிஃப்டீன்" என்பதும் "ஃபிஃப்டி" என்பதும் ஓட்டோச் சத்தத்தில் ஒன்றாகத்தான் கேட்கும். பதினைந்துக்கு அழுத்தம் பின்னால், ஐம்பதுக்கு முன்னால் என்று நான் ரியூற்றறியில் படிப்பித்திருக்கிறேன், தெருவில் அது உதவவில்லை. ஏறும் முன்பே தொகையைக் கைத்தொலைபேசியில் இலக்கமாக அடித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்.